பதினான்கு அடிச் சாய்தளம்

2024 மே 12, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி பதினொன்று நாற்பது. வராந்தா சுவரில் தொங்கும் வெப்பமானி முப்பத்தெட்டு காட்டியது. காற்று அசையவில்லை. மேற்கே வான விளிம்பில் விரல் அகலத்துக்குக் கறுத்திருந்தது. ஆறு மணிக்கு வருவதாகச் சொன்ன கொத்தனார் அப்போதுதான் இரண்டு ஆட்களோடு வந்து இறங்கினார். ஜல்லி லோடு தாமதம் என்றார்.

என் மனைவிக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ், புதனும் சனியும். இருபத்திரண்டு மாதமாக. வராந்தாவிலிருந்து வாசலுக்கு இறங்க மூன்று படி, மொத்த உயரம் பத்தொன்பது அங்குலம். அவளை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் ஆட்டோக்காரரும் எதிர்த் தறிக்கூடத்து ஆள் ஒருவரும் தூக்கி இறக்குவார்கள். வருடத்துக்கு நூற்று நான்கு இறக்கம், நூற்று நான்கு ஏற்றம். ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் ஆட்டோக்காரருக்குக் கால் தவறி, அவள் தோள்பட்டை சுவரில் மோதியது. அன்றே முடிவு செய்தேன். படியை உடைத்து, கேட் வரைக்கும் பதினான்கு அடிக்குச் சாய்தளம். ஆட்டோ பின்பக்கமாக வராந்தா வரை ஏறி வந்துவிடும். சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்ததும் படியை உடைத்தார்கள். அடுத்த புதனுக்குள் தளம் இறுகிவிடும் என்பது என் கணக்கு.

முப்பத்து நான்கு வருடம் நில அளவையில் சங்கிலி பிடித்தவன் நான். ரசமட்டத்தை நானே வைத்துப் பார்த்தேன். கலவைக்கு எத்தனை சட்டி மணல், எத்தனை சட்டி ஜல்லி என்று பக்கத்தில் நின்று எண்ணினேன். ஆட்டோக்காரர் கேட்டில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

“அண்ணே, சார் சட்டிய எண்ணுறாரு. பாத்துப் போடுங்க.”

“எண்ணட்டும் மாப்ள. கூலியக் குடுக்கும்போது கொறச்சு எண்ணாம இருந்தாச் சரி” என்றார் கொத்தனார்.

மேற்கே காட்டி, மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன்.

“செல்லூருக்கு மே மாசம் மழையா? வந்துச்சுன்னா எனக்கு ஒரு குடை வாங்கிக் குடுங்க சார்.”

இரண்டே முக்காலுக்குக் கொட்டி முடித்தார்கள். மட்டப்பலகையால் இழுத்து, கரணையால் தேய்த்து, வழுக்காமலிருக்க மூன்று அங்குலத்துக்கு ஒரு கோடாகக் கயிற்றை அழுத்தி எடுத்தார்கள். பார்க்க நன்றாகவே இருந்தது. நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு மழை பிடித்தது. தார்ப்பாய் தேடி எடுப்பதற்குள் சிமெண்டுப் பால் சாம்பல் நிறத்தில் தெருவுக்கு ஓடியது. முப்பத்தைந்து நிமிடம் பெய்து நின்றபோது ஜல்லி பல் இளித்துக்கொண்டிருந்தது. கோடு ஒன்றுகூட மிச்சமில்லை.

திங்கட்கிழமை கொத்தனார் வந்து தளர்ந்ததைக் கொத்தி எடுத்து, மேலே இரண்டு அங்குலம் மறுபடி போட்டார். முடிந்தபோது நண்பகல்.

“நாளைக்குச் சாயங்காலம் ஆளு தாராளமா நடக்கலாம் சார். வண்டிய மட்டும் ஏழு நாளைக்கு ஏத்தாதீக” என்றார்.

மழை வராது என்று சொன்ன அதே வாய். நான் நம்பவில்லை. ஆளுக்கும் ஏழு நாள்தான் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். ஏழு நாள் அவளை நிறுத்திவைக்க முடியாது, நாலு நாளாவது ஆகட்டும் என்று டயாலிசிஸ் பிரிவுக்குப் போன் செய்து, புதனை வெள்ளிக்கு மாற்றச் சொன்னேன். போனில் பேசிய நர்ஸ், “அம்மாவுக்கு மூச்சு வாங்குதா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். அன்று காலைதான் அவள் படுக்கும்போது இரண்டாவது தலையணை கேட்டிருந்தாள். அதை நான் சொல்லவில்லை.

தளத்தின் மேல் பதினொரு சாக்கு விரித்து, பகலில் எட்டு முறை, முறைக்கு ஆறு குடம் ஊற்றினேன். அவளுக்கு டாக்டர் குடிக்க அனுமதித்தது ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி. ஜன்னலோரக் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“நல்லாத் தண்ணி காட்டுறீக. அதுக்கு கிட்னி நல்லா இருக்குபோல” என்றாள்.

அந்த இரண்டு நாளில் பால்காரரை இரண்டு முறையும், ஆடுகளை ஐந்து முறையும், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரை ஒரு முறையும் கத்தித் தடுத்திருக்கிறேன். தெருவுக்கே என் சத்தம் பழகிவிட்டது.

புதன்கிழமை பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். அவளால் படுக்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. உதடு கறுத்து, நெஞ்சுக்குள் நீர் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. போன் செய்ததும் ஆட்டோக்காரர் வண்டியைக் கேட்டில் நிறுத்திவிட்டு, தறிக்கூடத்து ஆளோடு ஓடிவந்தார். ஈரச் சாக்கில் அவர் கால் வைத்ததைப் பார்த்தேன்.

“மிதிக்காதீக! காங்கிரீட்டு! சுவர்ப் பக்கமா வாங்க!”

இதை நான்தான் கத்தினேன். இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பிறகு காலை எடுத்துக்கொண்டு பக்கத்து மனை வழியாகச் சுற்றி வந்து, மூன்றடி பத்து அங்குலக் காம்பவுண்டுச் சுவரை ஏறிக் குதித்தார்கள். அவளை நாற்காலியோடு சுவருக்கு மேல் தூக்கினோம். நாற்காலியின் கால் சுவர் விளிம்பில் மாட்டியது. அவள் எடை நாற்பத்தேழு கிலோ. அந்தப் பக்கம் வாங்குவதற்கு ஆள் இல்லை. தறிக்கூடத்திலிருந்து இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. ஆட்டோவில் ஏற்றியபோது மூன்று இருபத்தொன்று. பதினொரு நிமிடம்.

இரண்டு நாள் செயற்கை சுவாசம், மொத்தம் ஆறு நாள் தீவிர சிகிச்சை. பதினொரு நிமிடத்தைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். “பத்து நிமிஷம் முன்னாடி வந்திருந்தாலும் டியூப் போட்டுத்தான் இருப்போம். நீங்க ஏன் புதன்கிழமையை விட்டீங்க?” என்றார்.

வியாழக்கிழமை காலை துணி எடுக்க ஆட்டோக்காரரோடு வீட்டுக்கு வந்தபோது கொத்தனார் நின்றிருந்தார். அவருக்கு விஷயம் தெரியாது. சாக்கை விலக்கிவிட்டு, தளத்தின் நடுவில் நின்று குதிகாலால் இரண்டு முறை ஓங்கி மிதித்துக் காட்டினார்.

“கல்லு மாதிரி இருக்கு பாத்தீகளா? முந்தாநாளே ஊர்வலம் போயிருக்கலாம் சார்.”

“அண்ணே, சும்மா இருங்க” என்றார் ஆட்டோக்காரர்.

இருபத்தோராம் தேதி அவளைக் கூட்டி வந்தோம். ஆட்டோ பின்பக்கமாகச் சாய்தளத்தில் ஏறி, வராந்தாவை ஒட்டி நின்றது. குலுக்கலே இல்லை. கட்டிலில் படுக்கவைத்து மூன்று தலையணை கொடுத்தேன். டியூப் போட்டதில் அவளுக்குக் குரல் கரகரத்துப் போயிருந்தது. ஆட்டோக்காரர் போகும்வரை காத்திருந்தாள்.

“எனக்கு அப்ப நெனவு இருந்துச்சு. மிதிக்காதீகன்னு நீங்க கத்துனது கேட்டுச்சு” என்றாள்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இப்போது வாரம் மூன்று டயாலிசிஸ். ஆட்டோக்காரர் வந்து ஹாரன் அடித்தால் அவரோடு பேசுகிறாள், சிரிக்கக்கூடச் செய்கிறாள். என்னிடம் மாத்திரை, தண்ணீர், மின்விசிறி, இவ்வளவுதான். சாய்தளம் இரண்டு முறை போட்டதற்கும், ஆஸ்பத்திரிக்கும், ஆட்டோவுக்குமாகச் சேர்த்து ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரத்து எழுநூற்று எழுபது ரூபாய் ஆனது.