ஓரத்தில் நிற்பவரை எடுத்துவிடலாமா?

எங்கள் கடைக்கு வருகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வது என் வேலை. கடை என் மகளுடையது. கும்மிடிப்பூண்டி பஜாரில், ரயில் நிலையத்துக்குப் போகும் தெருவில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டையில் இருக்கும் சின்னப் பட்டறைகளுக்கும் கேன்டீன்காரர்களுக்கும் லாரி ஆபீஸ்களுக்கும் அவள் வெப்சைட் செய்து தருவாள். பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்து, கறை நீக்கி, பெரிதாக்கித் தருவது என் பொறுப்பு. கல்லூரியில் சரித்திரப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது என்று அவள் நம்பினாள். நானும் நம்பினேன்.

கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். “ஸ்கேன் பண்ணா போட்டோல கலர் போயிடுமா சார்?” என்பார்கள். “போன மாசம் ஆஸ்பத்திரியில என்னை ஸ்கேன் பண்ணாங்க. கலர் போயிருக்கா பாருங்க” என்பேன். “எங்க பெரியப்பா கண்ணை மூடிக்கினு கீறாரு, தொறந்து வைக்க முடியுமா?” என்றால், முடியும். “சிரிக்க வைக்க முடியுமா?” என்றால், அது அவர் உயிரோடு இருந்தபோது நீங்கள் செய்திருக்க வேண்டிய வேலை என்பேன். ஒரு கேன்டீன்காரர், வெப்சைட் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்குமா என்று கேட்டார். அமாவாசைக்கு மட்டும் லீவு என்றேன். அவர் அதை நம்பி, தன்னிடம் சாப்பாடு வாங்கும் சிப்காட் கம்பெனிகளுக்கெல்லாம் சொல்லிவிட்டார். மகள் அவருக்கு போன் போட்டு மன்னிப்புக் கேட்டாள். “அப்பா, உங்களைக் கடையில வச்சிக்கினு ஒரே பேஜாரு” என்றாள்.

ஆனால் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “ஓரத்துல நிக்கிற இந்த ஆளை எடுத்துடலாமா?” முக்கால்வாசி நேரம் அந்த ஆள் மச்சானாக இருப்பார். நிலத் தகராறு வந்திருக்கும், அல்லது பெண்ணைக் கட்டிக் கொடுத்த இடத்தில் பேச்சுவார்த்தை நின்றிருக்கும். நான் காரணம் கேட்பதில்லை. மவுஸை வைத்து அவர்மேல் ஒருமுறை தேய்த்தால் போதும், சாப்ட்வேர் அவரை விழுங்கிவிட்டு, பின்னால் இருந்த சுவரை அது இஷ்டத்துக்குக் கட்டிவிடும். அந்தச் சுவரைப் பார்க்கும்போது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் வரும். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எளாவூர் பக்கத்து கிராமத்தில் நெல் நிலம் நிறைய உள்ள ஒரு குடும்பத்திலிருந்து ஒரு ஆல்பம் வந்தது. வீட்டுப் பெரியவருக்கு எண்பதாம் கல்யாணம். அவருடைய முதல் கல்யாணப் படத்தைப் பெரிதாக்கி மேடையில் வைக்க வேண்டும் என்று அவருடைய மகன் கொண்டுவந்தார். கருப்பு வெள்ளைப் படம். மாப்பிள்ளை ஊர்வலம். நடுவில் மாப்பிள்ளை, சுற்றிலும் உறவுக்காரர்கள், இடது ஓரத்தில் தலையில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு சட்டையில்லாத ஓர் இளைஞன்.

“இந்த லைட்டு ஆளை எடுத்துடுங்க சார். மேடையில பெருசா வச்சா நல்லாருக்காது” என்றார்.

எடுத்தேன். அவர் நின்றிருந்த இடத்தில் சுவர் வந்தது. வேலை அவ்வளவு சுத்தமாக வந்ததில் தலைக்கனம் ஏறிவிட்டது. எடுப்பதற்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் சிறிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, முதல் படத்தில் அந்த ஆளைச் சுற்றி சிவப்பு வட்டம் வரைந்து, ‘வேண்டாதவர்களை நீக்கித் தரப்படும்’ என்று கீழே எழுதி, பிளெக்ஸ் பலகையாக அடித்து என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினேன். அந்தக் குடும்பத்தாரிடம் அனுமதி கேட்கவில்லை. மகள் படித்துவிட்டு, “வாசகம் நல்லா இல்லப்பா” என்றாள். விளம்பரத்துக்குக் கொஞ்சம் காரம் வேண்டும் என்றேன்.

எண்பதாம் கல்யாணம் நடந்து முடிந்தது. ஆல்பமும் திரும்பிப் போய்விட்டது. அதற்கப்புறம் ஒரு நாள் பட்டறைக்காரர் ஒருவர் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, நல்ல உயரம். சிப்காட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பெரிய கம்பெனி ஒன்று தன் சப்ளையர் பட்டியலில் அவரைச் சேர்க்கப் போகிறது, பார்வையிட வருவதற்குள் வெப்சைட் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டதாம். எனக்கு எதிரே உட்கார்ந்து கேள்விகளை ஆரம்பித்தார்.

“கூகுள்ல மொதல்ல வருமா சார்?”

“உங்க பட்டறைப் பேரை முழுசா அடிச்சா வரும்.”

“பேரு தெரிஞ்சவன் எதுக்கு சார் தேடப் போறான்?”

ஆளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

“இன்னொண்ணு சார். எல்லா கம்பெனியிலயும் வெப்சைட்ல நிறுவனர் போட்டோ போடறாங்க. எனக்கு எங்கப்பா போட்டோவைப் போடணும். பட்டறைக்கு அவரு பேருதான். ஆனா போட்டோ இல்ல. ஓட்டர் ஐடில ஒண்ணு கீது, அதைப் பாத்தா போலீஸ் தேடற ஆளு மாதிரி இருப்பாரு. நல்ல போட்டோ ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தது. எங்க ஊர்ல பெரிய ஊடு ஒண்ணு கீது. எங்க ஜனமெல்லாம் அவங்க நெலத்துலதான் வேலை செஞ்சது. அந்த ஊட்டுக் கல்யாணத்துல அப்பா லைட்டு தூக்கினு நின்னாரு. அந்த ஆல்பம் உங்க கடைக்கு வந்துச்சுன்னு ஊர்ல சொன்னாங்க.”

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்திருந்தால் பலகை என் தலைக்கு மேல் முழுசாகத் தெரியும்.

“உக்காருங்க சார், எதுக்கு நிக்கிறீங்க?”

“முதுகு வலி. டாக்டர் நின்னுக்கினே பேசச் சொல்லியிருக்கார்.”

வயதில் பெரியவன் நிற்கும்போது தான் உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை என்று அவரும் எழுந்தார். அவர் என்னைவிட ஒரு தலை உயரம். நான் குதிகாலைத் தூக்கினேன். மேஜையிலிருந்த செய்தித்தாளை எடுத்து, வெளிச்சம் போதாதவன் போலத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துப் படித்தேன்.

டீ வாங்கப் போயிருந்த மகள் உள்ளே வந்தாள். “ரெண்டு பேரும் எதுக்கு இப்படி நிக்கிறீங்க?”

“சாருக்கு முதுகு வலியாம் மேடம்.”

“முதுகு வலியா? காலையில தண்ணி கேனைத் தூக்கிக்கினு மாடி ஏறுனாரே!”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பெரிய வீட்டில் நேராகவே கேட்டு வாங்கலாமே என்றேன்.

“கேட்டா குடுப்பாங்க சார். ஆனா வாசல்ல நின்னு கேக்கணும். எங்கப்பா ஆயுசு பூரா அங்க நின்னாரு. அவரு போட்டோவுக்காக நானும் போய் நிக்கறது இஷ்டமில்ல. இன்னொரு விசயம் சார். எங்கம்மா அந்த எண்பதாம் கல்யாணத்துக்குப் போச்சு. மேடையில அந்தப் போட்டோவைப் பாத்துட்டு வந்து, உங்கப்பா அதுல இருப்பாரே, காணோமேன்னு சொல்லிக்கினே கீது. நான்தான், உனக்கு வயசாயிடுச்சு, ஞாபகம் தப்புது, அது வேற போட்டோன்னு சத்தம் போட்டேன். அது மூணு வேளை சரியா சாப்பிடல. வேற போட்டோதானே சார் அது?”

இங்கேதான் நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம்.

“வயசானவங்க இல்லையா, குழப்பம் வரும். வேற படமா இருக்கும்” என்றேன். எனக்கும் அந்த அம்மாளுக்கும் அநேகமாக ஒரே வயதுதான் இருக்கும்.

அவர் என் தலைக்கு மேல், மின்விசிறியைப் பார்ப்பவர்போல ஒருமுறை பார்த்தார். “சரி சார். கெடைக்குதா பாருங்க” என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் பலகையைக் கழற்றினாள். அப்புறம், “ஒரிஜினல் ஸ்கேன் எங்கேப்பா?” என்றாள். ஒரிஜினலைத் தனியாக வைக்க வேண்டும் என்பது எங்கள் கடையின் முதல் விதி, அவள் போட்ட விதி. நான் ஆளை எடுத்த படத்தை ஒரிஜினலின் மேலேயே சேமித்திருந்தேன். மிச்சம் இருந்தது பலகைக்காகச் சிறிதாக்கிய படம் மட்டும். அதில் சிவப்பு வட்டம் அவர் தாடையை வெட்டிக்கொண்டு போனது.

“போய் ஆல்பத்தை வாங்கினு வாங்க. அவரு வந்ததும் உண்மையைச் சொல்லிடுங்க” என்றாள்.

முதல் பாதியை மட்டும் செய்தேன். ஷேர் ஆட்டோ பிடித்து அந்தக் கிராமத்துக்குப் போய், பெரிய வீட்டு வாசலில் நின்றேன். பட்டறைக்காரர் நிற்க விரும்பாத வாசல் அது. வீட்டு மகன் வெளியே வந்து, “இன்னா சார், இவ்ளோ தூரம்?” என்றார். ஒரு படம் சரியாக ஸ்கேன் ஆகவில்லை, மனசு கேட்கவில்லை, இலவசமாகத் திரும்பச் செய்து தருகிறேன் என்றேன். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்று வீட்டுக்குள் கூப்பிட்டு மோர் கொடுத்தார். பொய் சொல்லி வாங்கிக் குடித்த மோர். நன்றாகத்தான் இருந்தது.

திரும்ப ஸ்கேன் செய்து, அந்த முகத்தை மட்டும் திரையில் பெரிதாக்கினேன். முன்பு அவரை அழித்தபோது நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஓரத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். படத்தில் எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள், இவர் மட்டும் மாப்பிள்ளையைப் பார்க்கிறார். வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று கவனிக்கிறார். அந்தப் படத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

பட்டறைக்காரர் வந்து திரையைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இன்னொரு முறை பார்த்தார்.

“சின்னப் பையனா கீறாரு” என்றார். “என் பையன் வயசுதான் இருக்கும்.”

மகள், “தலையில இருக்கற லைட்டை எடுத்துட்டு முகம் மட்டும் போடட்டுமா சார்?” என்று கேட்டாள்.

“வேணாம் மேடம். லைட்டு இருக்கட்டும். அது இல்லன்னா அவரு எதுக்கு நின்னாருன்னே தெரியாது.”

நான் என் வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன். டீ வந்தது. குடித்தோம். மகள் என்னைப் பார்த்தாள். நான் மழை வருமா என்று ஜன்னலைப் பார்த்தேன். அவர் படத்தைப் போனில் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வெப்சைட் வந்தது. கம்பெனிக்காரர்கள் பார்வையிட்டுப் போனார்கள், பட்டறையின் பெயர் பட்டியலில் ஏறியது. கொஞ்ச நாளில் பெரிய வீட்டு மகன் எனக்கு போன் செய்தார். ஆல்பத்தைத் திருப்பிக் கொடுத்த அன்றும் நான் உண்மையான காரணம் சொல்லாததால், வசவுக்குத் தயாராகவே எடுத்தேன்.

“சார், அந்த லைட்டு ஆளு… அவரு மகன்தானே சிப்காட்ல பட்டறை வச்சிக்கீறாரு? வெப்சைட்டைப் பாத்தேன். எங்க ஊட்டுப் போட்டோவாச்சே அது!”

“ஆமாம். உங்களைக் கேட்காம செஞ்சது என் தப்பு” என்றேன்.

“அத்த உடுங்க சார். ரோட்டோரம் எங்களுக்கு ஒரு மனை சும்மா கெடக்குது. அவரு ஷெட்டு போட எடம் தேடறாராம். வாடகைக்குக் குடுக்கலாம்னு பாக்கறேன். அதுக்கு முன்னாடி மரியாதையா ஏதாவது செய்யணும் இல்ல? மேடையில வச்ச அந்தப் போட்டோ ஹால்ல மாட்டிக்கீது. அதுல அவங்கப்பாவைத் திரும்ப நிக்க வைக்க முடியுமா?”

இத்தனை நாளில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. முடியும், ஆனால் அவர் மகனைக் கேட்க வேண்டும் என்றேன். ஒருவழியாக யாரையாவது கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

பட்டறைக்கு நேரில் போனேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எனக்கு ஸ்டூல் போட்டு, விஷயத்தைக் கேட்டார். மனை பற்றிய பகுதியில் வாய்விட்டுச் சிரித்தார்.

“நிக்க வைக்கச் சொல்லுங்க சார். அவரு நின்ன எடம்தானே. செவப்பு வட்டம் மட்டும் வேணாம்.”

லேத் ஓடிக்கொண்டிருந்தது. சரியாகக் கேட்காததுபோல் நடிக்கலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். அந்த வயதிலும் அந்த யோசனை வந்தது.

“பார்த்துட்டீங்களா?”

“நீங்க எந்திரிச்சதும் நானும் எந்திரிச்சேனே, அப்பவே பாத்தேன். கீழ எழுதினதையும் படிச்சேன். நீங்க பேப்பரைத் தூக்கினது அப்புறம்தான்.”

“ஏன் ஒண்ணும் கேட்கலை?”

“நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். ரெண்டு தபா டீ குடிச்சோம்.” அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “அன்னிக்கே ஊட்டுக்குப் போயி அம்மாகிட்ட சொல்ட்டேன் சார், நீ சொன்னதுதான் சரி, நான்தான் தப்புன்னு. அதுக்கப்புறம்தான் அது சாப்டுச்சு.”

தப்பு என்னுடையது என்றேன். அவர் அம்மாவிடம் வந்து நானே சொல்கிறேன் என்றேன்.

“வாங்க. அதுவும் உங்களை ஒண்ணு கேக்கணும்னு சொல்லிக்கினு கீது. மேடைப் போட்டோவுல ஆளைக் காணோம், லைட்டையும் காணோம். ஆனா மாப்பிள்ளை மூஞ்சில வெளிச்சம் அப்படியே இருந்துச்சாம். அதை வச்சுதான் அது அவ்ளோ உறுதியா சொல்லிச்சு. ஆளை எடுத்தவரு வெளிச்சத்தை ஏன் உட்டுட்டாருன்னு கேக்குது.”

கேட்ட கேள்விக்கெல்லாம் எகத்தாளமாகப் பதில் வைத்திருந்தவன் நான்.

“கவனிக்கலை” என்றேன்.

“அப்படியே வந்து சொல்லுங்க சார்” என்றார். “ஞாயித்துக்கிழமை வாங்க. அம்மாவுக்கு அமாவாசை லீவெல்லாம் கெடையாது.”