ஒருமுறைதான் கேட்பார்கள்

லண்டனில் யாராவது "டீ குடிக்கிறீர்களா?" என்று கேட்டால் உடனே ஓம் என்றுவிடுங்கள். இரண்டாம் தரம் கேட்க மாட்டார்கள். நீங்கள் மரியாதைக்கு வேண்டாம் என்பீர்கள். அவர்களோ உங்கள் சொல்லை மதித்துத் தங்களுக்கு மட்டும் ஊற்றிக் குடிப்பார்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஊரிலிருந்து வருகிறவர்களுக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம், லண்டன் ஹரோவில் அதைவிடக் கூட. ஜெர்மனியில், சத்தமே போடக்கூடாத ஞாயிற்றுக்கிழமையில் சுவரில் ஆணி அடித்து மேல்வீட்டுக்காரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். இங்கே எவரும் ஏச மாட்டார்கள். சிரித்துக்கொண்டே "நோ ப்ராப்ளம்" என்பார்கள், பிறகு வீட்டுப் பக்கம் கூப்பிடவே மாட்டார்கள். எஸ்கலேட்டரில் வலப்பக்கம் நில்லுங்கள். பஸ்ஸில் காசை நீட்டாதீர்கள், கார்ட்டைத் தட்டுங்கள். சம்பளம் எவ்வளவு, வயது என்ன, ஏன் இன்னும் பிள்ளையில்லை என்றெல்லாம் தயவுசெய்து கேட்காதீர்கள். ஒருவர் வீட்டுக்குப் போவதென்றால் முதலில் போன் எடுத்துக் கேளுங்கள்.

போன கோடையில் அக்கா எங்கள் ஊர் கொக்குவிலிலிருந்து வந்தபோது, விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே இத்தனையும் ஒப்புவித்தேன். அக்கா வந்தது லண்டன் பார்க்க மட்டுமல்ல என்பது எனக்குத் தெரியும். அத்தான் காலமானபின் ஊரில் எங்கள் வீட்டில் அவர் தனி. இங்கே நானும் தனி. அடுத்த வருடம் எனக்குப் பென்சன். வந்து தன்னோடு இரு என்று கேட்பார். உண்மையைச் சொன்னால், கேட்கமாட்டாரா என்று எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

டீ விஷயத்தை மட்டும் அக்காவுக்குச் சொல்ல மறந்துபோனேன். மறுநாளே பக்கத்து வீட்டு மார்கரெட் எங்களைக் கூப்பிட்டுக் கேக்கை நீட்டினார். "நோ, தேங்க் யூ" என்று அக்கா அழகாகத் தலையாட்டினார். தட்டு போனது போனதுதான்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா வெடித்தார். "எனக்கு வயிறு காந்துது. மனிசி ஏன்ரா திருப்பிக் கேக்கேல்லை?"

"நீங்கள் வேண்டாம் எண்டனீங்கள் அக்கா."

"ஒருக்காத்தானே சொன்னனான்!"

"இஞ்ச ஒருக்காச் சொன்னாக் காணும். திருப்பிக் கேட்டா ஆக்களைக் கரைச்சல்படுத்தித் தொந்தரவு குடுக்கிற மாதிரி."

"நல்ல சனங்கள்!" என்று முணுமுணுத்தாலும் அக்கா கெட்டிக்காரி. அடுத்த கிழமை மார்கரெட் வீட்டில் இரண்டு துண்டு கேக் சாப்பிட்டார். எங்கள் வீட்டுக்கு வந்த மார்கரெட் போதும் என்றதும் அக்கா இடியப்பத் தட்டை டக்கென்று எடுத்துவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஊர் திரும்ப இரண்டு நாள் இருக்க, வெம்பிளியில் சாமான் வாங்கிக்கொண்டு ரயிலில் வந்தோம். மடியில் பைகளை வைத்தபடி அக்கா கேட்டார்.

"தம்பி, பென்சன் எடுத்தாப்பிறகு வந்து என்னோட இருக்கிறியோ? நீ வந்தா வீட்டை வைச்சிருப்பன். இல்லாட்டி வித்துப்போட்டு மகளிட்ட போறன்."

முதல் கேள்விக்கே தலையாட்டினால் இதற்காகவே காத்திருந்தவன் போல இருக்குமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

"உங்களுக்கேன் அக்கா கரைச்சல்? வேண்டாம்" என்றேன்.

"சரியடா" என்றார் அக்கா. முகத்தில் கோபமே இல்லை. என் சொல்லை மதித்துச் சன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார்.

பிரஸ்டன் ரோட் ஸ்டேஷன் வந்தது. நார்த்விக் பார்க் வந்தது. இன்னொருக்கா கேளுங்கோ என்று சொல்ல எனக்குள் இருந்த லண்டன்காரனுக்கும் வாய் வரவில்லை, கொக்குவில்காரனுக்கும் வரவில்லை.