ஓய்வு கொடுக்க வந்த வேன்

இளம் பராமரிப்பாளர் என்று எனக்கொரு பட்டம் இருப்பது ஒன்பதாவது படிக்கும்போதுதான் தெரிந்தது. ஏதோ தொண்டு நிறுவனத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்த மிஸ் சொன்னார். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயராம். கொருக்குப்பேட்டையில் எங்கள் வரிசை வீடுகளில் அதற்குப் பொட்டப்புள்ள என்று பெயர்.

முந்தைய வருஷம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து, ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் மட்டும் விழவில்லை. அப்பா விடியுமுன் ஹார்பருக்கு மூட்டை தூக்கப் போய்விடுவார். ஊட்டுவது, துடைப்பது, பெட்பேன் வைத்து எடுத்துப் பொதுக் கக்கூஸில் கொட்டிக் கழுவுவது எல்லாம் நான்தான். மத்தியான மணி அடித்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்து அந்த வேலையை முடித்துவிட்டுத் திரும்ப ஓடுவேன்.

"ஒரு நாள் முழுக்க உங்களுக்கு ரெஸ்ட். இயற்கையோட மடியில" என்றார் மிஸ். வேனும் சாப்பாடும் இலவசம். கரும்பு தின்னக் கூலியா என்று எல்லோரும் தலையாட்டினோம். எனக்கு மட்டும் உடனே மத்தியான மணி ஞாபகம் வந்தது. மத்தியானம் நான் வராவிட்டால் அம்மாவை யார் பார்ப்பது?

பக்கத்து வீட்டு அக்கா கேட்டதுமே ஒப்புக்கொண்டாள். "நா இன்னாத்துக்குக் கீறேன்? சோறு ஊட்டுறேன், பெட்பேன் வெச்சி எடுக்குறேன். நீ போய்ட்டு வா கண்ணு."

"போடி, ஒரு நாளாவது உன் மூஞ்சியப் பாக்காம இருக்கேன்" என்றாள் அம்மா.

வேன் டோல்கேட் தாண்டி, கன்டெய்னர் லாரிகளின் பின்னால் ஊர்ந்து, திருவொற்றியூர், எண்ணூர் கடந்து அத்திப்பட்டுப் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பில் நின்றது. இயற்கையின் மடிக்குப் பின்னால் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரிந்தன. கிளையைத் தொட்டால் கையெல்லாம் சாம்பல். மிஸ் மூச்சை நன்றாக இழுத்து, "எவ்ளோ சுத்தமான காத்து" என்றார். அவர் குடியிருந்த அடையாறில் என்ன காற்று அடித்ததோ, பாவம்.

முதல் பயிற்சியாக மணலில் படுத்துக் கண்ணை மூடி இயற்கையின் குரலைக் கேட்கச் சொன்னார். மொத்தக் கூட்டமும் தூங்கிவிட்டது. ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து படுக்கிற பிள்ளைகளைப் படுக்கச் சொன்னால் வேறென்ன நடக்கும்? மிஸ்ஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவருடைய நிகழ்ச்சி நிரலில் தூக்கம் கிடையாது. விசில் ஊதி எழுப்பினார்.

"தூங்கவா வந்தீங்க? இன்னும் மரத்தைக் கட்டிப்பிடிக்கணும், பறவை பாக்கணும், எவ்வளவு இருக்கு."

கண் தெரியாத வாப்பாவைப் பார்த்துக்கொள்கிற வண்ணாரப்பேட்டைக்காரி என் பக்கத்தில் படுத்திருந்தாள். "உனக்கு என்ன குரல் கேட்டுச்சு?" என்று மிஸ் அவளைக் கேட்டார்.

"கூட்ஸ் வண்டி மிஸ்" என்றாள் கண்ணைத் தேய்த்துக்கொண்டே.

பிறகு ஆளுக்கொரு மரத்தைக் கட்டிப்பிடித்தோம். வீட்டில் கட்டிப்பிடித்துத் தூக்கி உட்காரவைக்கிற உடம்புகளை விட மரம் எவ்வளவோ மேல். அதைத் தூக்க வேண்டியதில்லை. சாயங்காலம் வட்டமாக உட்காரவைத்து, "இப்ப மனசு லேசா இருக்கா?" என்று கேட்டார். "இருக்கு மிஸ்" என்று வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் கத்தினோம். என் வரைக்கும் அது பொய்யில்லை. மத்தியானம் தோப்பை ஒட்டிய கழிமுகத்தில் காலை நனைத்துக்கொண்டு நின்றபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நேரம் அம்மாவை மறந்தே போயிருந்தேன்.

வீடு திரும்பியதும் அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "உங்கம்மா தங்கம்டி. ஒரு பேஜாரும் குடுக்கல. பசிக்கலன்னு சோத்தக்கூட வேணான்ட்டா. பேன் வெக்கவான்னு கேட்டுகினே இருந்தேன், வரலன்ட்டா."

உள்ளே ஓடினேன். அம்மாவின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. காலையில் நான் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போன தண்ணீர்ச் சொம்பு அப்படியே நிறைந்திருந்தது.

எங்கள் பக்கத்துப் பெண்கள் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகிற நாளில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். போன இடத்தில் ஒதுங்க வழி இருக்காது என்று தொண்டையைக் காயவைத்துக்கொண்டே கிளம்புவார்கள். எங்கும் போகாத என் அம்மா, படுத்த பாயிலேயே அதைச் செய்திருந்தாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்மா இப்டி பண்ண? அக்காதான் எடுக்குறேன்னு சொல்லிச்சே."

"எடுப்பா. அத்த எடுத்தவ மூஞ்சில நாளைக்கி நா எப்டிடி முழிக்கிறது?"

தலையைத் தூக்கிப் பிடித்தேன். மூச்சு விடாமல் முழுச் சொம்பையும் குடித்தாள். பிறகு என் முகத்தையே பார்த்தாள்.

"நல்லா இருந்துச்சா? மறுபடி எப்ப இட்டுகினு போறாங்களாம்?"

அடுத்த மாதமும் உண்டு என்று மிஸ் வேனிலேயே சொல்லியிருந்தார்.

"இனிமே இல்லியாம்மா" என்று சொல்லிவிட்டுப் பெட்பேனை எடுத்தேன்.