அரை மாத்திரை

எண்ணிக்கையில் நான் தோற்றதில்லை. நில அளவையில் முப்பத்தொரு வருடம் சங்கிலி பிடித்தவன். மலையிலிருந்து அடிவாரத்துக் காரவள்ளிக்கு பஸ்ஸில் இறங்கினால் எழுபது வளைவையும் எண்ணிவிட்டுத்தான் கண்ணை மூடுவேன். என்னிடம் போய் ஆஸ்பத்திரி டாக்டரம்மா கேட்டார்: "மாத்திரைய ஒழுங்காப் போடுறாங்களாய்யா?"

என் மனைவிக்குத் தைராய்டு குறைவாகச் சுரக்கிறது. முகம் ஊதி, குரல் கரகரத்து, சித்திரை மாதத்தில் கம்பளி கேட்டாள். உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுந்தாள். ஒன்றரை வருடம் அதைச் சோம்பல் என்று திட்டியவன் நான். பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்ததில், ஐந்துக்குள் இருக்க வேண்டிய டி.எஸ்.எச். அறுபத்திரண்டு. சுரப்பு குறையக் குறைய அது ஏறுமாம். தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை என்றார்கள். அடுத்த சோதனையில் நாற்பத்தொன்று. அதற்கடுத்து முப்பத்தெட்டு. இப்போது மறுபடியும் நாற்பது.

"டப்பாவுல நூறு. ஞாயித்துக்கிழமை தவறாம பேப்பர்ல கொட்டி எண்ணுறேன். ஒண்ணு கூடுனதில்ல, குறைஞ்சதில்ல."

"எண்ணுறது சரிங்கய்யா. அவங்க முழுங்குறதப் பாத்தீங்களா? இப்படியே போனா இதயத்தச் சுத்தி நீர் கோத்துக்கும்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. என் மனைவி தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் விடிகாலை ஐந்தரைக்கு அடுப்படிக் கதவோரம் போய் நின்றேன். அவள் டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்தாள். பாக்குவெட்டியில் வைத்து நறுக்கினாள். ஒரு பாதி வாய்க்குள் போயிற்று. மறு பாதிக்காக, புழக்கடை வாசலில் ஒரு கை திருநீறு வாங்குவதுபோல் நீண்டது. மூன்று வீடு தள்ளி இருக்கும் என் கொழுந்தியாள். தினமும் மோர் வாங்க வருகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"என்னடி நடக்குது இங்க?"

"அக்கா, மாமா முழிச்சிட்டாரு."

"ஏனுங்க, விடியறதுக்குள்ள ஊரக் கூட்டாதீங்க" என்றாள் என் மனைவி. "அவ கழுத்தப் பாருங்க. எலுமிச்சங்காயாட்டம் கட்டி. ஊட்டுமேல ஓடு எண்ணுறீங்க, வாசல்ல கோழிய எண்ணுறீங்க. இது எத்தன வருசமா இருக்குதுன்னு எண்ணுனீங்களா?"

எங்கள் ஊரில் அந்த வயதுப் பெண்கள் பலருக்கும் கழுத்து அப்படித்தான். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். நாமும் பார்த்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.

"கட்டி இருந்தா டாக்டர்கிட்டப் போகோணும். அடுத்தவ மாத்திரையத் திங்கறதா?"

"போனாக் கழுத்த அறுத்துப்புடுவாங்க மாமா."

"ரெண்டு பேருக்கும் ஒரே சீக்குத்தானுங்க. பலாச்சுளையே ஆளுக்குப் பாதியாத் தின்னு வளந்தவங்க. மாத்திரைய மட்டும் நான் ஒண்டியா முழுங்குறதா?"

"இது பலாச்சுளையாடி? அறிவுகெட்ட முண்டம்!"

கத்தும்போதுதான் அந்தக் கையைக் கவனித்தேன். நீட்டிய விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினேன். நூற்றுப் பதினெட்டு. நம்பாமல் மறுபடி எண்ணினேன். நூற்றிருபது.

"கொஞ்ச நாளா நெஞ்சு படபடங்குது மாமா. தூக்கமும் இல்ல. மாத்திரை வேல செய்யுதுன்னு அக்கா சொல்லுச்சு."

முதல் பஸ்ஸில் இரண்டு பேரையும் ஏற்றினேன். அன்று வளைவுகளை எண்ணவில்லை. ரத்தம் எடுத்து, ஸ்கேன் பார்த்து, சாயங்காலம் டாக்டரம்மா சொன்னார்: "அக்காவுக்குக் குறைவு. தங்கச்சிக்கு நேர்மாறு. அந்தக் கட்டியே தன்னால கூடுதலாச் சுரக்குது. அதுக்கு மேல இந்த அரை மாத்திரை வேற. இன்னும் ரெண்டு மாசம் போயிருந்தா இதயம் தாங்கியிருக்காதுங்கய்யா."

"ஒரு வயித்துல பொறந்தவங்களுக்கு எப்படிங்க அது?"

"அக்காவோடது, உடம்பே சுரப்பிய அழிக்கிற நோய். தங்கச்சிக்கு, பல வருசம் அயோடின் இல்லாம வீங்குன சுரப்பி. ஊட்டுல என்ன உப்பு?"

கல்லுப்புதான். லாரியில் மூட்டையாக மலையேறி வருவது. மண் போக இரண்டு தண்ணீரில் அலசுவோம். பனியில் கசியாமல் இருக்க அடுப்புக்கு மேலே திறந்த சட்டியில் வைப்போம். ஏதாவது கொஞ்சம் அயோடின் இருந்திருந்தாலும் அதையும் கழுவிக் காயவைத்துத் துரத்தியிருக்கிறோம். இதைச் சொன்னபோது அவர் பேனாவை மூடிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வாசலில் கால்மிதியாகக் கிடந்த உப்புச் சாக்கைத் தட்டி, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். ஐம்பது கிலோ என்று பெரிதாக. அதன் கீழே பொடி எழுத்தில், உணவுக்கு அல்ல. இத்தனை வருடம் நான் எடையை மட்டும் சரிபார்த்திருக்கிறேன்!

சாக்கோடு கடைக்காரனிடம் போனேன்.

"இந்த உப்ப எத்தன மூட்டை வித்திருப்ப இந்த ஊருக்கு?"

"சகாயமா இருக்குதுன்னுதானுங்க எல்லாரும் இதக் கேக்குறீங்க. நீங்க வாங்குனது எத்தனைன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியும். இருபத்துமூன்று மூட்டை. பாதியைப் பங்கு பிரித்துக் கொழுந்தியாள் வீட்டுக்கு நானே தலையில் சுமந்து போயிருக்கிறேன். அதை அவனிடம் சொல்லவில்லை. அவனைத் திட்டிவிட்டு வந்தேன். கோபம் ஆறவில்லை, யார் மேல் காட்டி ஆற?

இப்போது என் மனைவி முழு மாத்திரையை என் கண்ணெதிரே விழுங்கி, "போதுங்களா?" என்று நாக்கை நீட்டிக் காட்டுகிறாள். போன சோதனையில் பத்தொன்பது. கொழுந்தியாளுக்கு வேறு மாத்திரை. அதே ஐந்தரைக்கு, அதே புழக்கடை வாசலில் கையை நீட்டுகிறாள். மணிக்கட்டைப் பிடித்து ஒரு முழு நிமிடம் எண்ணுகிறேன். நூற்றுநான்கு வரை இறங்கி இரண்டு வாரமாக அங்கேயே நின்றது. எண்பதுக்கு வர வேண்டுமாம்.

"இன்னிக்கு எத்தன மாமா?" என்றாள் இன்று, பாதியிலேயே.

"வாய மூடு. எண்ணிக்க தப்பிப்போச்சு பாரு" என்று கத்திவிட்டு, ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கினேன். தொண்ணூற்றாறு.