கொடுக்காத பால்

என் மகனுக்கு மலம் போகாததால், பிறந்த மூன்றாம் நாளே குடலை வெட்டி, ஒரு முனையை வயிற்றுக்கு வெளியே எடுத்துவிட்டார்கள். எட்டு மாதம் மலம் அந்த வழியாகப் பையில்தான் விழுந்தது. தெல்தோட்டையிலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்கு வரும் பஸ்ஸில் பை கசிந்தால் பக்கத்தில் இருப்பவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துவிடுவார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

குடலை உள்ளே சேர்த்துத் தைத்த அன்று மத்தியானம் நர்ஸ் மிஸ் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்.

"இப்பவே கொஞ்சம் கொஞ்சமா தாய்ப்பால் குடுங்கம்மா. குடுத்த நேரத்துக்கு நேரா சரி அடையாளம் போடுங்க. முந்தி மாதிரி பட்டினி போடுறதில்ல. பால் போனாத்தான் குடல் சீக்கிரம் வேலை செய்யும்."

எனக்குத் திக்கென்றது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வயிற்றில் ஆப்பரேஷன் என்றால், காற்றுப் பிரியும் வரை பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டோம். தையல் விட்டுப்போனால் யார் பதில் சொல்வது? ஆனால் வெள்ளை உடுப்பைக் கண்டால் எனக்கு எதிர்த்துப் பேச வாய் வராது. நன்றாகத் தலையாட்டினேன்.

பால் கொடுக்கும் நேரம் வந்தால் திரையை இழுத்துவிட்டு அவனைத் தோளில் போட்டுக்கொள்வேன். அவன் சட்டையைப் பிடித்து இழுத்து வீறிடுவான். பால் கசிந்து என் சட்டை நனையும். அவன் கையில்தான் சேலைன் ஏறுகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, தாளில் சரி போடுவேன்.

மறுநாள் காலை டொக்டர் அந்தத் தாளைப் பார்த்து முகம் சுளித்தார். அவர் சிங்களத்தில் சொன்னதை மிஸ் தமிழில் சொன்னார்.

"இவ்வளவு பால் குடிச்சும் ஒன்னும் வெளிய போகல, அழுகையும் நிக்கல. எக்ஸ்ரே எடுக்கணுமாம். உள்ள அடைச்சிருந்தா திரும்பத் திறக்க வேண்டி வருமாம்."

மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் குடுக்கவே இல்ல மிஸ். ஒருக்காகூட குடுக்கல. சரி போட்டதெல்லாம் பொய்."

மிஸ் அதைச் சிங்களத்தில் சொல்லி முடிக்கும் வரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டொக்டர் காதுக்குழாயை அவன் வயிற்றில் வைத்து வெகுநேரம் கேட்டார்.

"வயித்துல சத்தம் நல்லா இருக்காம். புள்ளைக்குப் பசிதானாம், அம்மா" என்றார் மிஸ்.

அவர்கள் முன்னாலேயே கொடுத்தேன். விக்கி விக்கிக் குடித்தான். அடுத்த நாள் முதன்முதலாகப் பை இல்லாமல், உரிய வழியாகவே வெளிக்குப் போனான். மிஸ் கைதட்டினார். எனக்கு அழுகைதான் வந்தது.

"ஆப்பரேஷன் முடிஞ்ச அன்னைக்கே இவ பால் குடுத்துப் புள்ளையத் தேத்திட்டா" என்று என் கணவர் இப்போதும் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்கிறார். பிள்ளையை அன்று பட்டினி போட்டது நான்தான் என்று அவருக்கு இன்னும் தெரியாது.