ஏழு இணைப்புச் சொற்களும் ஒரு காய்ச்சலும்

எனக்கு வீடு சிதம்பரத்தில், வேலை கடலூரில். ஒரு தனியார் இன்சூரன்ஸ் ஆபீஸில் கடிதம் எழுதுவது என் பிழைப்பு. காலையில் மகள் எழுந்திருக்குமுன் பஸ் ஏறிவிடுவேன். திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். அவளுக்கு நான் ஞாயிற்றுக்கிழமை அப்பா. அது எனக்குப் பெரிய வேதனை. சிதம்பரம் கிளையில் ஒருவர் ரிட்டயர் ஆகப்போகிறார் என்று கேள்விப்பட்டதும், அந்த இடத்தை எப்படியாவது வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் கம்பெனியில் எதைக் கேட்டாலும் இங்கிலீஷில் எழுதிக் கேட்க வேண்டும். வாயால் கேட்டால் மேனேஜருக்குக் காது கேட்காது. பழைய கடிதங்களைப் பார்த்து எழுதினால் சமாளிப்பேன். சொந்தமாக எழுதினால் துண்டு துண்டாகத்தான் வரும். ஐ வான்ட் டிரான்ஸ்பர். மை டாட்டர் இஸ் ஸ்மால். எனவே மேல வீதியில், ஜெராக்ஸ் கடை மாடியில் நடந்த ஞாயிறு வகுப்பில் சேர்ந்தேன். மகளோடு இருந்த ஒரே நாளையும் மகளுக்காகவே விடுகிறேன் என்று பெருமை வேறு.

வாத்தியார் ஏழு இணைப்புச் சொற்களைச் சொல்லிக்கொடுத்தார். ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ.

"வாக்கியத்த ஒடைக்காதீங்க சார், சேத்துகிட்டே போங்க. பெரிய மனுசன் இங்கிலீஷ் அப்புடித்தான் இருக்கும்" என்றார்.

மூன்று மாதம் பஸ்ஸில் அந்த ஏழையும் முணுமுணுத்தேன். பக்கத்து சீட்காரர்கள் ஏதோ மந்திரம் என்று பயந்து தள்ளி உட்கார்ந்தார்கள். பிறகு விண்ணப்பம் எழுதினேன். ஒரு பக்கம், ஒரே வாக்கியம், ஏழு சொல்லும் உள்ளே. முற்றுப்புள்ளி கடைசியில்தான், அதுவும் மனமில்லாமல்.

அதே இடத்துக்கு ஆபீஸ் நண்பன் ஒருவனும் ஆசைப்பட்டான். சிதம்பரத்தில் அவனுக்கு மாமியார் வீடு. அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் கடிதம் ஒன்றே ஒன்று, நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததுதான். கல்யாணத்துக்குப் போனாலும் காதுகுத்துக்குப் போனாலும் காய்ச்சல் என்றுதானே லீவு லெட்டர் எழுதுவோம். அவன் அதையே எழுதினான்: ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், கைண்ட்லி கிராண்ட் மீ சிதம்பரம்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"சிரி மச்சான், சிரி. எனக்கு வர்றது அதான்" என்றான்.

மேனேஜர் இரண்டையும் படித்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார்.

"இத நீங்களே எழுதுனீங்களா?"

"ஆமா சார்."

"பிரமாதம். இப்புடி எழுதுற ஆள அனுப்பிட்டு ஹெட் ஆபீசுக்கு நான் என்னத்த எழுதுவேன்? நீங்க இங்கதான் இருக்கணும். அந்தக் காய்ச்சல்காரர அனுப்பிடலாம்."

அவனுக்கான சிபாரிசுக் கடிதத்தையும் என்னையே எழுதச் சொன்னார். வயிறு எரிய எழுதினேன், நன்றாகவே வந்தது. என் திறமையை மெச்சி, கம்பெனி செலவில் அடுத்த நிலை வகுப்பிலும் சேர்த்துவிட்டார். அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான்.

நண்பன் இப்போது என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறான். போன வாரம் சாயங்காலம் போன் செய்தான். நான் கடலூர் ஆபீஸில் மேனேஜருக்காக ஒரு கடிதத்தின் நான்காவது பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தேன்.

"மச்சான், இங்க நல்ல மழ. ஒன் பொண்ண ஸ்கூல்லேருந்து நான்தான் கூட்டியாந்து வுட்டேன். நல்லா பேசுது. ஒங்கப்பா எங்கன்னு கேட்டேன். இங்கிலீஷ்ல இருக்காருன்னுச்சு."