இரைச்சல் நீக்கிய பாட்டு

என் மாமியாரிடம் ஒரு கேசட் இருந்தது. இளவயதிலேயே இறந்துபோன அவருடைய அக்கா பாடிய பாட்டு அதில் இருந்தது. அந்த வீட்டில் எந்தக் கல்யாணமானாலும் பெண்ணை மணவறைக்கு அழைத்து வரும்போது அதைத்தான் போடுவார்கள். என் கல்யாணத்திலும் போட்டார்கள். தகரக் கூரையில் மழை கொட்டுவது போல ஒரே இரைச்சல், அதற்கடியில் எங்கோ ஒரு பெண் குரல். தாலாட்டு என்றார்கள். மெட்டும் அப்படித்தான் இருந்ததால் நம்பிவிட்டேன்.

நான் தமிழ்நாட்டிலிருந்து மொரீஷியசுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வந்தவள். மோகாவில் வேலை பார்த்தபோது இந்த ஊர்க்காரரையே கட்டிக்கொண்டேன். வீட்டில் பேச்சு இந்தத் தீவின் கிரியோல் மொழிதான். தமிழ் என்றால் சாமி பாட்டும் அத்தை, மாமா என்ற முறைகளும். அந்தத் தமிழையும் நான் திருத்திக்கொண்டே இருப்பேன், அப்படி ஒரு திமிர் எனக்கு.

தொண்ணூறுகளின் கடைசியில் நாத்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் ஸ்வெட்டர் ஃபாக்டரியில் சூப்பர்வைசர், மாப்பிள்ளைக்குக் கிராண்ட் பே கடற்கரையில் ஹோட்டல் வேலை. கேசட் நாடா உதிர ஆரம்பித்திருந்தது. கல்யாணத்துக்குள் சி.டி.யில் ஏற்றி வாங்கி வரும்படி மாமியார் என்னை அனுப்பினார்.

காத்ர் போர்ன் ஊரில் கம்ப்யூட்டர் வைத்திருந்த ஒருவர் நாடாவை ஓடவிட்டுப் பதிவு செய்தார். பிறகு திரையைப் பார்த்தபடியே இரைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாக வழித்தெடுத்தார். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. "எக்கூத்தே, மதாம்!" என்று, கேட்கச் சொல்லி ஸ்பீக்கரைப் பெருமையாக என் பக்கம் திருப்பினார்.

"தொட்டில் அவுத்த கையாலே மண்ணள்ளிப் போட்டேனே" என்றது குரல்.

தாலாட்டு மெட்டில் ஒப்பாரி. செத்த குழந்தைக்கு ஒரு தாய் பாடியது. சகுனமாவது மண்ணாவது என்று வாய்கிழியப் பேசியவள்தான் நான். ஆனால் இந்தப் பாட்டைக் கேட்டபடிதான் நான் மணவறையில் உட்கார்ந்தேன். மறுவருடம் ஏழாம் மாதத்தில் என் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. இப்போது நாத்தனாரின் முறை.

அன்று மாலை கணவரிடம் சொன்னேன். வெளிறிப்போனார். பிறகு, "பெர்ஸோன் பா கொம்ப்ரான்" என்றார். யாருக்கும் புரியாதாம். "அம்மாகிட்ட சொல்லாதே. அக்கா அக்கான்னு இருக்காங்க, தாங்க மாட்டாங்க."

சி.டி.யை ஒளித்து வைத்திருக்கலாம். ஆனால் நான் திரும்பியபோதே மாமியார் வாசலில் காத்திருந்து அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது எனக்குத் துணிவு வரவில்லை. கோழை என்றால் நான்தான்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் பெரிய ஸ்பீக்கர்கள். நாத்தனார் தலை குனிந்து நடந்து வந்தாள். ஒவ்வொரு சொல்லும் கணீரென்று விழுந்தது. சுற்றிலும் எல்லோரும் புன்னகைத்தார்கள், கைக்குழந்தையுடன் ஒருத்தி பாட்டுக்கு ஏற்றபடி ஆடிக்கொண்டிருந்தாள்.

குருக்கள் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மந்திரத்தின் நடுவே அவர் வாய் நின்றது. நிமிர்ந்து ஸ்பீக்கரைப் பார்த்தார். பிறகு கூட்டத்தை முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நிறுத்தினார்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

தாலி இன்னும் தட்டிலேயே இருந்தது. மேளக்காரர்கள் ஒன்றும் புரியாமல் அடிக்கத் தொடங்கினார்கள்.

மாமியார் என் கையைப் பிடித்தார். "அக்கா பாட்டு கேக்கல. நீ போ, தமிழ்ல சொல்லு. மேளம் ஸ்டாப் பண்ணச் சொல்லு."

மணவறைக்குப் போய்க் குருக்களிடம் குனிந்தேன். "இன்னும் பலமா வாசிக்கச் சொல்லுங்க, சாமி." அவர் தலையசைத்தார். அந்த முழக்கத்திலேயே தாலி ஏறியது. மாமியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேளக்காரர்கள் வியர்வை துடைக்க நிறுத்தினார்கள். சி.டி. நிற்கவில்லை, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. நாத்தனார் என் காலில் விழுந்து, எழும்போது காதருகே, "பெரியம்மா குரல் என்ன அழகு, இல்ல அண்ணி?" என்றாள்.

"நல்லா இருப்பே" என்று அவள் தலையில் கைவைத்தேன். பாட்டு முடியும் வரை அந்தக் கையை எடுக்கவே இல்லை.